நீலிக் கண்ணீரும் மெதூசாவின் தலையும்

சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சென்ற மாதம் மரபுத் தொடர்கள் பாடம் நடந்தது. முதலைக் கண்ணீர், ஆகாயக் கோட்டை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து ‘நீலிக் கண்ணீர்’ என்ற தொடருக்கு வந்தேன். பொய்யாக அழுவது என்று பொருள் சொன்னேன். எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் எழுந்தாள். “தாத்தா, மெதூசாவை எனக்குத் தெரியும். தலைமுடியெல்லாம் பாம்பாக இருக்கும், பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்கள். நீலி யார்? அவள் ஏன் பொய்யாக அழுதாள்?” என்று கேட்டாள்.

கிரேக்க நாட்டு அரக்கியைத் தெரிந்த அந்தக் குழந்தைக்கு, தன் பாட்டி பிறந்த ஊருக்குப் பக்கத்தில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் நீலியைத் தெரியவில்லை. அது அவள் குற்றமன்று. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நாம் கதைகளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம். அன்று நேரமில்லாமல் அரைகுறையாகப் பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் உடன் படித்தால் நல்லது.

சிறுவயதில் கேட்ட பாதிக் கதை

நான் சிறுவனாக இருந்தபோது கேட்ட கதை இது. திருவாலங்காட்டுக்கு அருகில் பழையனூர் என்று ஓர் ஊர். அந்த வழியாக ஒரு வணிகன் வருகிறான். நீலி என்னும் பேய் அழகிய பெண் வடிவில் அவனைப் பின்தொடர்கிறது. வழியில் ஒரு கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறது. ஊர்ச் சபையில் எழுபது வேளாளர்கள் கூடியிருக்கிறார்கள். “இவர் என் கணவர், என்னையும் குழந்தையையும் கைவிட்டுப் போகிறார்” என்று நீலி அழுகிறாள். வணிகனோ, “ஐயோ, இவள் பேய். என்னைக் கொன்றுவிடுவாள்” என்று கெஞ்சுகிறான். சபையார் அழுகையை நம்புகிறார்கள். “உனக்கு ஏதேனும் நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் தருவோம்” என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து, இருவரையும் ஓர் அறையில் தங்க வைக்கிறார்கள். பொழுது விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் தீ வளர்த்து இறங்கித் தம் வாக்கைக் காத்தனர்.

இது மிகப் பழைய கதை. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதைப் பற்றிய குறிப்பு வருகிறது. சொன்ன சொல் தவறாத மக்களின் புகழைச் சொல்லும் கதையாகவே இது பள்ளியிலும் கோயில் சொற்பொழிவுகளிலும் சொல்லப்பட்டது. ஏமாற்றுக்காரியான பேய் என்பதற்கு மேல் நீலிக்கு அதில் இடமில்லை. ‘நீலிக் கண்ணீர்’ என்ற தொடரும் இப்படித்தான் பிறந்தது.

மேஸ்திரி சொன்ன மீதிப் பாதி

கதையின் முன்பாதியை நான் ஒரு புத்தகத்திலிருந்து கற்கவில்லை. வேலை பார்த்த காலத்தில் பாறசாலைப் பக்கம் ஒரு கட்டுமானப் பணியை மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். வாரக் கூலி கொடுக்கும் மாலையில், மண் சுமக்கும் ஒரு பெண், தனக்குப் பன்னிரண்டு நாள் கூலி குறைகிறது என்று அழுதாள். ஒப்பந்தக்காரரின் ஆள் இல்லவே இல்லை என்றான். எனக்கோ அன்று ஆயிரம் அலுவல். “நீலிக் கண்ணீர் வடிக்காதே அம்மா, போய் வேலையைப் பார்” என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற மேஸ்திரி எல்லைப்புறத்து ஊர்க்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் மெதுவாகச் சொன்னார்: “சாரே, நீலி அழுதது கள்ளம்னு சொல்லப்பிடாது. அவளக் கொன்னது உள்ளதுதானே?”

அன்று இரவு அவரிடம் அந்தக் கதையைக் கேட்டேன். நாஞ்சில் நாட்டிலும் தென் திருவிதாங்கூரிலும் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் வடிவம் அது. பெயர்கள் பாட்டுக்குப் பாட்டு மாறும், சாரம் மாறாது. தேவதாசிக் குலத்தில் பிறந்த ஒரு பெண், கோயில் பூசாரி ஒருவனை நம்பி அவன் பின்னே போகிறாள். கள்ளியங்காட்டில் களைத்துப்போய் அவன் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள். அவள் நகைகளின் மேல் ஆசை கொண்ட அவன், கல்லால் அடித்து அவளைக் கொன்றுவிடுகிறான். சாகும்போது அவளுக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. பக்கத்தில் நின்ற கள்ளிச் செடியைச் சாட்சியாக வைத்துவிட்டுச் சாகிறாள். தங்கையைத் தேடி வந்த அண்ணனும் அங்கேயே உயிரை விடுகிறான். நகை மூட்டையோடு போன பூசாரியைப் பாம்பு தீண்டுகிறது. மறு பிறவியில் அவன் வணிகனாகிறான். அவள் நீலியாகிறாள்.

இப்போது அந்தக் கள்ளிக் கொப்பை நினைத்துப் பாருங்கள். வெறும் மாயவித்தைப் பொருள் என்று நான் எண்ணியிருந்தது, முற்பிறவியில் கொலையைக் கண்ட ஒரே சாட்சி. அதைத்தான் அவள் இடுப்பில் சுமந்து சபைக்குக் கொண்டு வருகிறாள். வேடம் பொய். வழக்கு உண்மை.

மறுநாள் காலையில் மஸ்டர் ரோலை வாங்கி, என் குறிப்பேட்டில் இருந்த நாள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்ன பன்னிரண்டு நாளும் சரியாக இருந்தது. கூலி கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் நான் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியவில்லை. அன்று முதல்தான் நீலியைப் பற்றிக் கேட்கவும் படிக்கவும் தொடங்கினேன்.

பேய் ஆவதற்கு முன்

படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. இந்த உருவம் தொடக்கத்தில் பேயாகவே இல்லை. வடமொழியில் யக்ஷி எனப்படுபவளே தமிழில் இயக்கி ஆனாள், பேச்சு வழக்கில் இசக்கி ஆனாள் என்று அறிஞர்கள் கூறுவர். சிலப்பதிகாரத்தில் மாதரி என்னும் இடையர் குல மூதாட்டி மதுரையின் புறநகரில் இயக்கிக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் கவுந்தியடிகளைக் காண்கிறாள். அவளிடந்தான் கண்ணகி அடைக்கலமாக ஒப்படைக்கப்படுகிறாள். அங்கே இயக்கி மக்கள் பால் வைத்து வணங்கும் தெய்வம். அவளைக் கண்டு யாரும் அஞ்சியதாக இல்லை.

சமண சமயத்தில் ஒவ்வொரு தீர்த்தங்கரருக்கும் காவலாக ஓர் இயக்கனும் ஓர் இயக்கியும் உண்டு. 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதரின் இயக்கி அம்பிகா. 23ஆம் தீர்த்தங்கரர் பார்சுவநாதரின் இயக்கி பத்மாவதி. அம்பிகாவின் கதையைக் கேளுங்கள். பசித்து வந்த சமண முனிவருக்கு உணவிட்டதற்காக, ஒரு மனைவியைக் கணவன் இரண்டு குழந்தைகளோடு வீட்டை விட்டு விரட்டுகிறான். பிறகு மனம் மாறி அவளைத் தேடி வருகிறான். அடிக்க வருகிறான் என்று அஞ்சி அவள் உயிரை விட்டு இயக்கியாகிறாள். அவன் சிங்கமாகப் பிறந்து அவளுக்கு வாகனமாகிறான். இங்கும் வஞ்சிக்கப்பட்ட ஒரு மனைவி, கையில் குழந்தை. நீலியின் கதைக்கு இது எவ்வளவு அருகில் நிற்கிறது!

இதைக் கண்ணால் காண விரும்புவோர் மார்த்தாண்டத்திலிருந்து 7 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிதறால் மலைக்குப் போகலாம். பழைய பெயர் திருச்சாரணத்து மலை. பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களோடு இயக்கியரின் உருவங்களும் செதுக்கப்பட்டுள்ளன. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்தி என்னும் சமணப் பெண் துறவி இம்மலையின் அம்மனுக்குப் பொன் அணி அளித்ததை அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. பிற்காலத்தில் அதே இடம் பகவதி கோயில் ஆயிற்று. மலையும் பாறையும் மாறவில்லை, வணங்குவோரின் மனத்தில் இருந்த பொருள்தான் மாறியது.

சமணர்கள் நீலியையும் விடவில்லை. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியின் தலைவி பழையனூர் நீலியேதான். காளிக்கு உயிர்ப்பலி கூடாது என்று தடுத்த முனிசந்திரர் என்னும் முனிவரைப் பயமுறுத்த அவள் வருகிறாள். அவர் அஞ்சவில்லை. அவளே அவருக்கு மாணவியாகி, பிறகு ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதியர் ஆகியோரோடு வாதம் செய்து வெல்கிறாள். பழையனூரில் பொய் பேசிய வாய், நீலகேசியில் தருக்கம் பேசுகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ப் புலவர் பேயைத் தத்துவ ஆசிரியை ஆக்கியிருக்கிறார்.

எல்லைக்கு இப்புறமும் அப்புறமும்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அடுத்து அமரவிளை, நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது. கதையைப் பிரிக்க அதனால் முடியவில்லை. இந்தப் பகுதியின் பழம்பாடல்களை மலையாளிகள் ‘தெக்கன் பாட்டுகள்’ என்பர். அவற்றின் மொழி பெரும்பாலும் தமிழ் கலந்தது. நீலி கதையும் அவற்றுள் ஒன்று.

ஆனால் எல்லையின் இரு புறமும் அவள் ஒரே பொருளில் நிற்கவில்லை. மலையாளக் கதைகளில் அவள் கள்ளியங்காட்டு யக்ஷி. பாலை மரத்திலோ பனையிலோ குடியிருந்து, இரவில் தனியே வரும் ஆடவரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பவள். விடிந்தால் பல்லும் நகமும்தான் மிஞ்சும். கொட்டாரத்தில் சங்குண்ணியின் ‘ஐதிக மாலை’ நூலில், பத்மநாபபுரம் செல்லும் வழியில் மக்களைக் கொன்று வந்த ஒரு யக்ஷியை, கடமற்றத்துக் கத்தனார் தலையில் இரும்பாணி அடித்து வேலைக்காரியாக்குகிறார். காயங்குளத்தில் தலை வாரிவிட்ட ஒரு கிழவி ஆணியைக் கண்டு பிடுங்கிவிட, யக்ஷி மறைந்துவிடுகிறாள். வலிமை மிக்க மந்திரவாதி அடித்த ஆணியைப் பிடுங்கியது, இவள் தலையில் ஏன் ஆணி என்று இரங்கிய ஒரு கிழவியின் கை என்பதைக் கவனியுங்கள். சி.வி. இராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ நாவலும் பஞ்சவன்காட்டில்தான் தொடங்குகிறது. நீலியின் கதையும் அதில் பேசப்படுகிறது.

தமிழ்ப் பக்கத்தில் அவள் இசக்கியம்மன். ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தலில் அவளுடைய பெரிய கோயில் இருக்கிறது. குமரி, நெல்லை மாவட்டங்களில் மரத்தடிதோறும் சிறு பீடங்கள் உண்டு. சுடுமண் உருவத்தில் கையில் ஒரு குழந்தை இருக்கும். சிலவற்றில் வாயிலும் ஒரு குழந்தை இருக்கும். ஒரே உருவத்தில் தாயையும் கொல்பவளையும் வைத்திருக்கிறார்கள். பிள்ளை வரம் வேண்டுவோர் தொட்டில் கட்டுகிறார்கள். கொடை நாளில் வில்லுப்பாட்டுக்காரர் அவள் கதையை முதலிலிருந்து பாடுவார். அவள் கொலையுண்ட இடம் வரும்போது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நானே கண்டிருக்கிறேன். அங்கே யாரும் அதை நீலிக் கண்ணீர் என்று சொல்வதில்லை. அநியாயமாகச் செத்தவளுக்கு ஊரார் ஆண்டுதோறும் செய்யும் ஒப்புதல் வாக்குமூலம் அந்தக் கொடை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மெதூசாவுக்கும் இதுவேதான் நடந்தது

இனி அந்தப் பெண் சொன்ன மெதூசாவுக்கு வருவோம். கி.மு. 700 அளவில் வாழ்ந்த ஹெஸியட் என்னும் கிரேக்கப் புலவரின் பாட்டில் கோர்கன்கள் மூன்று சகோதரிகள். அவர்களில் மரணம் உடையவள் மெதூசா மட்டும். பெர்சியூஸ் என்னும் வீரன் அவள் தலையை வெட்டினான். பழைய சிற்பங்களில் கோர்கன் முகம் உருட்டு விழியும் கோரைப் பல்லும் தொங்கும் நாக்குமாக இருக்கும். கிரேக்கர் அந்த முகத்தைக் கேடயத்திலும் வீட்டிலும் கோயில் முகப்பிலும் வைத்தனர். கி.மு. 580 அளவில் கட்டப்பட்ட கோர்ஃபூ தீவின் ஆர்ட்டெமிஸ் கோயில் முகப்பில் பெரிய மெதூசா உருவம் இருந்தது. நாம் புது வீட்டில் திருஷ்டிப் பொம்மை கட்டுவதும் இதே காரணத்துக்குத்தான். கொடிய முகம் கொடியதை விரட்டும் என்பது நம்பிக்கை. ஆக முதலில் அவளும் காவல்காரியே.

கி.மு. 5ஆம் நூற்றாண்டு முதல் சிற்பிகள் அவள் முகத்தை அழகாக்கத் தொடங்கினர். கி.பி. 8ஆம் ஆண்டளவில் ரோமானியப் புலவர் ஓவிட் அவளுக்கு ஒரு முன்கதை கொடுத்தார். மெதூசா அழகிய கூந்தல் உடைய பெண். கடல் தெய்வம் நெப்டியூன் அவளை மினர்வாவின் கோயிலில் வைத்துக் கெடுத்தான். தண்டனையோ அவளுக்குக் கிடைத்தது. கூந்தல் பாம்புகளாயிற்று. 2008இல் லூசியானோ கர்பாத்தி என்னும் சிற்பி, மெதூசா கையில் வாளும் பெர்சியூசின் தலையுமாக நிற்கும் சிலையைச் செய்தார். 2020இல் அது நியூயார்க்கில் குற்றவியல் நீதிமன்றம் ஒன்றின் எதிரே வைக்கப்பட்டது. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களின் குரலாகப் பலர் அதைக் கண்டனர்.

அங்கும் இங்கும் படிகள் ஒத்திருக்கின்றன. முதலில் காவல், பிறகு அச்சம், பிறகு அவளுக்கு நடந்தது என்ன என்ற கேள்வி. எகிப்தில் காவலாக இருந்த ஸ்பிங்ஸ், கிரேக்கத்தில் புதிர் போட்டு மனிதரைக் கொல்லும் அரக்கி ஆனதும் இத்தகைய மாற்றமே.

அச்சத்தை எதிர்த்தவர்கள்

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் பாடம் முழுமை ஆகாது. இத்தெய்வங்களின் மேல் இருந்த பயம் எளிய மக்களை வருத்தியதும் உண்மை. நோய் வந்தால் பேய், மழை பொய்த்தால் பேய் என்று, இருந்த கோழியையும் ஆட்டையும் பலியிட்டு ஏழையானவர் பலர். கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிப் பகுதி மக்களைப் பற்றி எழுதிய நூலில் இவ்வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே எழுதினார். வெளியிலிருந்து வந்தவர் பார்வை அது.

உள்ளிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. சாமித்தோப்பில் வாழ்ந்த வைகுண்ட சுவாமிகள் (1809-1851) பேய்களுக்கு அஞ்சாதீர், பலியிடாதீர் என்றார். அவர் வழியினரின் அகிலத்திரட்டு அம்மானையில் குறோணி என்னும் அரக்கன் வருகிறான். திருமால் அவனை ஆறு துண்டாக வெட்டுகிறார். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு யுகத்தில் சூரபத்மன், இராவணன், துரியோதனன் என்று பிறக்கிறது. கடைசித் துண்டே இக்காலத்துக் கலி. மக்களை வரியாலும் சாதியாலும் ஒடுக்கிய ஆட்சியே அங்குக் கலியின் வடிவம். பனைமரத்துப் பேயைக் காட்டிலும் அரண்மனையில் இருக்கும் பேய் கொடியது என்று ஒடுக்கப்பட்ட மக்கள் கண்டுகொண்டனர்.

நெய்யாற்றின்கரைக்கு அருகே நெய்யாற்றங்கரையில் உள்ள அருவிப்புறத்தில் 1888இல் ஸ்ரீ நாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்தார். இரத்தப் பலி கேட்கும் தெய்வங்களை விட்டுவிடும்படி அவரும் மக்களைக் கேட்டுக்கொண்டார். இவர்கள் எதிர்த்தது அச்சத்தை. நீதி கேட்ட பெண்ணை அவர்கள் எதிர்க்கவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

நம் காலத்து நீலி

1969இல் கானாயி குஞ்ஞிராமன் மலம்புழை அணைப் பூங்காவில் மாபெரும் யக்ஷி சிலையை வடித்தார். அது யாரையும் பயமுறுத்த வைத்ததன்று. குடும்பத்தோடு போய்ப் பார்க்கும் கலைப்படைப்பு அது. 2025இல் வெளியான ‘லோகா’ என்னும் மலையாளத் திரைப்படத்தில் கள்ளியங்காட்டு நீலி, மக்களைக் காக்கும் வீரப் பெண்ணாக வந்தாள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் அதைப் பார்த்து ரசித்தார்கள். மாதரி பால் படைத்த காலத்துக் காவல் தெய்வம், சுற்றிக்கொண்டு மீண்டும் காவல்காரி ஆகிவிட்டாள் எனலாம். ஆனால் திரையரங்கில் கைதட்டிய பிள்ளைக்கு, அவள் பீடம் தன் ஊர் மரத்தடியில் இருக்கிறது என்று யார் சொல்வது? அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். குலதெய்வத்தின் பெயர் இசக்கி என்று வெளியில் சொல்லக் கூச்சப்படும் பெற்றோர் நம்மிடையே உண்டு. கூச்சப்பட அதில் ஒன்றும் இல்லை.

ரயில் பாதையில் வேலை பார்த்தவர்களுக்குச் சிவப்புக் கொடி பழக்கம். கொடியைக் கண்டு கோபப்படும் ஓட்டுநர் கிடையாது. முன்னால் பாதையில் ஏதோ பழுது என்று வண்டியை நிறுத்துவார். கதைகளில் வரும் பேய்களையும் அப்படிப் பார்க்கப் பழகலாம். பேய் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு காலத்தில் ஏதோ அநியாயம் நடந்திருக்கக்கூடும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை இசக்கி பீடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டின் மூத்தவரைக் கதை சொல்லச் சொல்லுங்கள். கேட்டபின் பிள்ளைகள் மூன்று கேள்விக்கு விடை எழுதட்டும்.

1. இந்தக் கதையைச் சொல்பவர் யார் பக்கம் நின்று சொல்கிறார்?
2. இந்த உருவத்தைக் கண்டு அஞ்சுபவர் யார்? இதனிடம் ஆறுதல் தேடுபவர் யார்?
3. முதலில் தவறு செய்தவர் யார்?

வகுப்பில் கேள்வி கேட்ட பெண்ணுக்கு என் பதில் இதுதான் அம்மா. நீலி சபையில் சொன்னது பொய். அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. ‘நீலிக் கண்ணீர்’ என்ற தொடரின் பொருளைத் தேர்வில் அகராதிப்படியே எழுது, மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அழுகிற ஒருவரைப் பார்த்து அதைச் சொல்லும் முன், நாள் கணக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொள்.